ஆசை தீர்க்கப்பட்டது

பொருளாசையை ஒழிப்பதற்காகத் தென்மண்டல மின்னணுக் கலை மன்றம் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், ஒரு கிரைண்டர், ஒரு மிக்ஸி, ஒரு ஸ்டீல் பீரோ, ஆறு கலர் டிவி ஆகியவற்றை வாங்கியது. எல்லாம் புதியவை. பழைய சாமான்மேல் யாருக்கும் ஆசை வராது, வராத ஆசையை எப்படி ஒழிப்பது என்று மன்றத்தின் செயலாளர் சமுத்திரம் கோப்பில் எழுதியிருந்தார். தணிக்கைக்கு வந்தவர்களால் அந்த வாதத்தில் குறை காண முடியவில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம் அந்தச் சாமான்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்து இறங்கின. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் மலிவாகக் கிடைத்தது. மணமேடையில் சாமான்களை அடுக்கி, டிவிகளை வரிசையாக நிறுத்தி, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். வாசலில் ‘துறவு: ஒரு மின்னணுக் கலைப்படைப்பு’ என்று துணி கட்டினார்கள். போகிற வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, ஆடித் தள்ளுபடி எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கம்ப்யூட்டரை இயக்க ஆள் வேண்டியிருந்தது. ராஜபாளையத்தில் மெத்தைக்கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீனின் மகள் சௌதா டைப்பிங்கில் ஹையர் முடித்தவள். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு கோர்ஸும் படித்திருந்தாள். படித்ததற்கு வேலை எதுவும் கிடைக்காமல் அத்தாவின் கடைக்கு இலவம்பஞ்சு பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நேர்காணலில் சமுத்திரம் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, வாழ்க்கையில் உங்களுக்கு என்னென்ன ஆசைகள் என்பது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்து, இந்த வேலை கிடைத்தால் போதும் சார் என்று சொன்னாள். ‘பற்றுக் குறைவானவர்’ என்று எழுதிக்கொண்டு அவளைச் சேர்த்துக்கொண்டார்.

படைப்பாளியின் பெயர் மோக்ஷ். உசிலம்பட்டிப் பக்கம் மொக்கைச்சாமி என்று பிறந்து, பாரிஸ் போய்வந்த பிறகு பெயரில் பாதியைத் துறந்தவர். அவர்தான் சௌதாவுக்குப் படைப்பை விளக்கினார். விளம்பரம் என்பது வெறும் ஒளிப்புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் மனிதன் கடைக்கு ஓடுகிறான். ஆகவே பார்வையாளர் தன் ஆசையைச் சொல்ல வேண்டும். அவள் அதை டைப் செய்ததும் அந்தப் பொருள் ஆறு டிவியிலும் தோன்றும். ஒன்று இரண்டாகும், நாலாகும், நூறாகும், கண்ணுக்குத் திகட்டும். பிறகு அப்படியே புள்ளிபுள்ளியாக உதிர்ந்து திரை இருண்டுபோகும். ஒரு மணி ஒலிக்கும். தான் ஆசைப்பட்டது பொருளுக்கு அல்ல, புள்ளிக்கு என்று பார்வையாளர் அந்த இருட்டில் உணர்ந்துவிடுவார். உணர்ந்ததற்கு அடையாளமாக பிரிண்டரிலிருந்து ஒரு சீட்டு வரும். அதில் அவர் பெயரும் கேட்ட பொருளும் அச்சாகி, கீழே ‘இவருடைய ஆசை தீர்க்கப்பட்டது’ என்று இருக்கும்.

“நீங்க ரெண்டே கேள்விதான் கேக்கணும். பேர் என்ன, என்ன வேணும். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. விளக்கம் சொன்னா கலை செத்துரும்” என்றார் மோக்ஷ்.

சமுத்திரம் தன் பங்குக்குச் சீட்டில் ஒரு வரிசை எண்ணும் மன்றத்தின் வட்ட முத்திரையும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அரசு மானியம் வாங்குகிற அமைப்பிலிருந்து முத்திரை இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போனால் அது குப்பை என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

முதல் சில நாட்கள் யாரும் வரவில்லை. கம்ப்யூட்டருக்காக ஏ.சி. போட்டிருந்ததால் கோர்ட்டில் வாய்தாவுக்குக் காத்திருந்தவர்கள் மட்டும், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, செத்த நேரம் உட்கார்ந்து போனார்கள். பார்வையாளர் எண்ணிக்கை கேட்டுச் சென்னையிலிருந்து போன் வந்தபடி இருந்தது. சமுத்திரம் கலங்கிப்போனார்.

அவர் கலக்கத்தைத் தீர்த்தவர் ஆலங்குளத்துக்காரர் கருத்தையா. நிலத்தகராறில் அலைந்துகொண்டிருந்த அவர் ஒருநாள் ஏ.சி.க்காக உள்ளே வந்தார். சௌதா பெயரைக் கேட்டாள், சொன்னார். என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மனைவிக்குத் தோள்பட்டை வலி, அம்மியில் அரைக்க முடியவில்லை, ஒரு மிக்ஸி இருந்தால் நல்லது என்றார். ஆறு டிவியிலும் மிக்ஸிகள் பெருகி உதிர்ந்தன. மணி அடித்தது. கருத்தையா சீட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் வக்கீலின் குமாஸ்தாவிடம் காட்டினார். குமாஸ்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“தீர்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. நம்பர் இருக்கு. சீல் இருக்கு. கோர்ட்டுத் தீர்ப்பே இம்புட்டுத் தெளிவா வராதுய்யா. ஒமக்கு மிக்ஸி சாங்ஷன் ஆயிட்டு” என்றார்.

மறுநாள் காலையில் மண்டபத்து வாசலில் முப்பது பேர் நின்றார்கள். அந்த வாரம் ஆடிப்பூரத் தேர். தேர் பார்க்க வந்த ஊர்களெல்லாம் செய்தியை மூட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு போயின. அரசாங்கத்தில் செருப்புக் கொடுத்தார்கள், பல்பொடி கொடுத்தார்கள், வேட்டி சேலை கொடுக்கிறார்கள், அடுத்து இதுதானே வர வேண்டும் என்று ஜனங்கள் கணக்குப் போட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. படைப்புக்கும் பொருள் விளங்கிவிட்டது. பொருள் நூறாகப் பெருகுகிறதே, அது குடோனில் இருக்கிற சரக்கு. உதிர்ந்து மறைகிறதே, அது மெட்ராஸுக்குத் தகவல் போகிறது. மணி அடித்தால் போய்ச் சேர்ந்துவிட்டது.

சௌதாவுக்கு இரண்டாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செயலாளரிடம் போய், சனங்க இதைச் சாமான் கொடுக்கிற திட்டம் என்று நினைக்கிறார்கள் சார் என்றாள்.

சமுத்திரம் வாசலை எட்டிப் பார்த்தார். வரிசை கோர்ட்டு மதில்வரை போயிருந்தது. அவருடைய முகத்தில் பல வருஷங்களாகக் காணாத ஒரு அமைதி வந்தது.

“நாம குடுக்கிறோம்னு எங்கயாவது சொன்னோமா?”

“இல்ல சார்.”

“குடுக்கலைன்னு சொன்னோமா?”

“அதுவும் இல்ல சார்.”

“அப்ப நாம பொய் சொல்லலை. ஒரு கலைப்படைப்புக்கு என்ன அர்த்தம்னு பாக்குறவங்கதாம்மா முடிவு பண்ணணும். அதுல அரசாங்கம் தலையிட்டா அது சர்வாதிகாரம்.”

சௌதா திரும்பிப் போய் உட்கார்ந்து அடுத்தவரின் பெயரைக் கேட்டாள்.

அதன்பிறகு காரியங்கள் முறையாக நடந்தன. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று கயிறு கட்டினார்கள். ரேஷன் கார்டு நகல் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை முளைத்தது. நகல் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் கொடுத்தார்கள். கொடுத்ததை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று சமுத்திரம் வாங்கி அடுக்கினார். பால்கோவா விற்பவர்கள் வரிசையோடு நடந்தார்கள். கவுன்சிலர் சிபாரிசுக் கடிதம் கொடுக்க ஆரம்பித்தார். முதல் வாரம் மிக்ஸி கேட்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் கேட்டதைத் தெரிந்துகொண்டு, மாற்றித் தரும்படி மனுவோடு வந்தார்கள். மின்சாரமே இல்லாத ஒரு காட்டு வீட்டிலிருந்து ஒருவர் வாஷிங் மெஷின் கேட்டார். கரண்டு எப்படி என்று சௌதா தன்னை மறந்து கேட்டுவிட்டாள். மெஷினைக் கொடுத்துவிட்டுக் கரண்டு கொடுக்காமல் விடுவார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மோக்ஷ் கம்ப்யூட்டரில் ஆறு பொருள்களின் படம்தான் வைத்திருந்தார். ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டால் ஜனங்கள் தங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொன்னார்கள். எருமை வேண்டும் என்றார் ஒருவர். கிணற்றில் தண்ணீர் வேண்டும் என்றார் இன்னொருவர். செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண், மருமகன் குடிக்காமல் இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சௌதா சமுத்திரத்தைக் கேட்டாள். ‘மற்றவை’ என்று ஒரு இனம் சேர்த்தால் ஒப்புதலுக்கு மறுபடி சென்னைக்கு எழுத வேண்டியிருக்கும், கிட்டத்தட்டப் பொருந்துகிற இனத்தில் போடுங்கள் என்றார் அவர். எருமை கிரைண்டரில் போயிற்று. தண்ணீர் ஃபிரிட்ஜில் போயிற்று. குடிகார மருமகனை எதில் சேர்ப்பது என்று தெரியாமல், பூட்டு இருக்கிறதே என்று பீரோவில் போட்டாள். ஆறு டிவியிலும் பீரோக்கள் பெருகின. அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மோக்ஷ் சென்னையிலிருந்து வந்து வரிசையைப் பார்த்தார். பாரிஸில் இவருடைய படைப்பைப் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள், அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இங்கே ஆயிரக்கணக்கான ஏழைகள் வெயிலில் நின்று பொருளாசையைத் துறக்கிறார்கள். அவர் கண்கலங்கினார். சனங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா சார் என்று சௌதா அவரிடமும் கேட்டுப் பார்த்தாள்.

“இதைவிட உண்மை என்னம்மா இருக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவர்மேலும் பழியைப் போட்டுவிட்டுச் சௌதா நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிருந்தது. ராஜபாளையத்தில் அவள் தெருவில் இறங்கி நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார். மெத்தைக்கடை ஜெய்னுலாப்தீன் மகள் என்று இருந்தவள் இப்போது ‘சாங்ஷன் டீச்சர்’ ஆகியிருந்தாள். ஏன் டீச்சர் என்று யாருக்கும் தெரியாது, மரியாதையாக அழைக்க ஊரில் வேறு வார்த்தை இல்லை. இதெல்லாம் பொய்யின்மேல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், காலையில் பஸ் ஏறும்போது கண்டக்டர் எழுந்திருக்கிறாரா என்று கண் தானாகப் போய்ப் பார்த்தது.

ஆடி முடிகிற சமயத்தில் சீனியம்மாள் வந்தாள். சௌதா வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் கூலிக்கு ஓட்டி, புருஷன் இல்லாமல் ஒரே மகளை வளர்த்தவள். மகளுக்கு ஆவணியில் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, ஒரு கலர் டிவி மட்டும் போடச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் பேச்சு நின்றிருந்தது.

அன்று சென்னையிலிருந்து வீடியோ எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சமுத்திரம் சௌதாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். சீனியம்மாள் முன்னால் வந்து, தெரிந்தவளைப் போலக் காட்டிக்கொள்ளாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் கேட்டாள் சௌதா. தினம் தினம் கூப்பிடுகிற பெயரை அவள் வாயால் சொல்லக் கேட்டு டைப் செய்தாள்.

“என்ன வேணும்?”

“கலர் டிவி தாயி.”

சௌதாவின் கை நின்றது. பின்னால் சமுத்திரம் தொண்டையைச் செருமினார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் டைப் செய்தாள். ஆறு டிவியிலும் டிவிகள் பெருகின. சீட்டைச் சீனியம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் காட்சி நன்றாக வந்திருப்பதாக வீடியோ எடுத்தவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் சௌதா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா, அந்தச் சீட்டு, என்று ஆரம்பிக்கவும் செய்தாள். சீனியம்மாள் முந்திக்கொண்டு, வரிசையில் நிற்கும்போதே பக்கத்துக் கடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டதாகவும், தேதி குறித்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். “நீ அந்த நாற்காலில இருக்கப் போயி எம் மகளுக்கு விடிஞ்சிட்டு தாயி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து டிக்கெட் வேண்டாம் என்று சிரித்துவிட்டுப் போனார். சௌதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் வந்துவிட்டது. பிறகு நிச்சயத்தன்று அவளை அழைத்துப் பாயின் நடுவில் உட்காரவைத்து முதல் வெற்றிலையைக் கொடுத்தார்கள். அன்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சியின் நிறைவு விழாவுக்கு மன்றத்தின் தலைவி பரிபூரணம் அம்மையார் வந்தார். மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டும் கூட்டம் கொள்ளவில்லை.

“பொருளில் பற்று வைக்காதீர்கள்” என்று அம்மையார் ஆரம்பித்தார். “எனக்கே இரண்டு கார் போதும் என்று இருக்கிறேன். மூன்றாவதை மன்றத்தின் பெயரில்தான் வைத்திருக்கிறேன். இப்போது எனக்குப் போர்த்திய பட்டுச் சால்வையைக்கூட நான் பற்றில்லாமல்தான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று மறுத்தால் அதுவும் ஒரு வகைப் பற்று. நீங்கள் ஏழைகள். உங்களுக்குத் துறவு எளிது, துறப்பதற்கு அதிகம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் கஷ்டம். ஆனாலும் உங்கள் ஆசைகளையெல்லாம் எங்களிடம் கொடுத்துவிட்டீர்கள். அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. டெல்லியில்கூட இப்படி ஒரு ரசனையைத் தான் கண்டதில்லை என்று அம்மையார் சமுத்திரத்தின் காதில் சொன்னார்.

விழா முடிந்ததும் சாமான்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கலைப்படைப்பில் இடம்பெற்றுவிட்டதால் அவை இனி சாமான்கள் அல்ல, கலைப்பொருள்கள். கடையில் விற்றால் கலைக்கு விலை வைத்ததாகிவிடும். ரசனை உள்ளவர்களின் பாதுகாப்பில் ஒப்படைப்பதே முறை என்று தீர்மானம் போட்டார்கள். ஃபிரிட்ஜ் அம்மையாரின் பாதுகாப்புக்குப் போயிற்று. வாஷிங் மெஷினைச் சமுத்திரம் பாதுகாத்தார். கிரைண்டரும் பீரோவும் தணிக்கை அதிகாரிகளிடம் போயின. ஐந்து டிவியை நிர்வாகக் குழுவினர் ஆளுக்கொன்றாகப் பாதுகாத்தார்கள். கம்ப்யூட்டர் படைப்பின் ஆன்மா என்பதால் மோக்ஷ் எடுத்துக்கொண்டார். மிக்ஸியையும் எடுத்துக்கொண்டார். ஊரில் அம்மா அம்மியில் அரைக்கிறாள் என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. ரிமோட் தொலைந்துபோன ஆறாவது டிவி மிஞ்சியது. கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக அதைச் சௌதாவுக்கு ஒதுக்கினார்கள்.

அவள் மறுக்கவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. டெம்போவில் ஏற்றி நேராகச் சீனியம்மாள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள். கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள்தான் இருந்தது. சந்தடி இல்லாமல் கொடுத்துவிட்டால் ஒரு பாரமாவது குறையும் என்று நினைத்திருந்தாள். பெட்டியின் நாலு பக்கமும் மன்றத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தெருவே கூடிவிட்டது. சீனியம்மாள் கண்ணீரோடு ஆரத்தி எடுத்துவிட்டுத்தான் பெட்டியை உள்ளே விட்டாள். அது சீர்வரிசையோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது பெயர் தெரிகிற பக்கத்தை முன்னால் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

சீட்டு வைத்திருந்தவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. ராஜபாளையத்தில் வர ஆரம்பித்துவிட்டது என்ற செய்தி ஆலங்குளம்வரை போயிற்று. காலையில் சௌதா வீட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை எப்போது என்று கேட்டார்கள். சிலர் முட்டையும் கோழியும் கொண்டுவந்தார்கள். சௌதா வாங்க மறுத்தாள். அவள் அதற்கு மேலே எதிர்பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டு, அடுத்த நாள் ஆட்டுக்குட்டி கொண்டுவந்தார்கள். சிலர் மன்றத்துக்குப் புகார் எழுதினார்கள். சமுத்திரம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் கோபமாக இல்லை, மனம் உடைந்துபோயிருந்தார். “இத்தனை ஆயிரம் பேருக்கு நாம எதுவுமே குடுக்கலை. ஒரு புகார் உண்டா? நீங்க ஒரே ஒருத்தருக்குக் குடுத்தீங்க. பாருங்க மேஜையை” என்றார். மேஜை நிறையக் கடிதங்கள் இருந்தன. துறவைக் குறித்த படைப்பில் ஒருவருக்குப் பொருள் கிடைத்துவிட்டதால் படைப்பின் தூய்மை போய்விட்டது என்று மோக்ஷ் போனில் அழுததாகவும் சொன்னார். இனி மன்றத்துக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறக்காமல் முத்திரை வைத்தார்.

சௌதா வாசலில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். அது ஒரு கலைக் கண்காட்சி, பொருளாசை கூடாது என்று காட்டுவதற்காக வைத்தது, யாருக்கும் எதுவும் வராது என்றாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆசை கூடாது என்று சொல்வதற்கு அவ்வளவு புதுச் சாமானை ஏன் வாங்கினார்கள் என்று ஒருவர் கேட்டார். அப்படியென்றால் சீனியம்மாளுக்கு மட்டும் எப்படி வந்தது என்று இன்னொருவர் கேட்டார். தன் சம்பளத்தில் கொடுத்தது என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சொந்தச் சம்பளத்தை எடுத்து யாராவது அடுத்தவர் வீட்டுக்கு டிவி போடுவார்களா? மறுநாள் கூட்டம் இன்னும் கூடியது.

சீனியம்மாளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தறிக்குடோனுக்குப் போனாள். சத்தத்தில் பேச முடியாமல் இருவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். சௌதா எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். சீனியம்மாள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அது ஒன் சம்பளமா?”

“ஆமாக்கா.”

“கவர்மெண்டு குடுத்துச்சுன்னுல்லா நிமிந்து வாங்கினேன்” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: “மாப்பிள்ள வீட்ல கவர்மெண்டு டிவின்னு துணி போட்டு மூடி வச்சிருக்காவ. வாரவிய போறவியளுக்கெல்லாம் தெறந்து காட்டுதாவ. எம் மகளை அங்க மதிக்கதே அதுக்காவத்தான். நீ தெருவுல நின்னு இது பக்கத்து வீட்டுப் பிள்ள போட்ட பிச்சைன்னு சொன்னா, அவ அங்க எப்படி இருப்பா? சொல்லாத சௌதா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

தாயி என்று அழைக்காமல் அவள் பெயர் சொல்லி அழைத்தது இதுதான் முதல் தடவை. தறி நின்றுகிடப்பதாக உள்ளேயிருந்து குரல் வந்தது. சீனியம்மாள் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். மூன்று பஸ் மாறி வந்தவர்கள் இருந்தார்கள். கைப்பிள்ளையோடு வந்தவர்கள் இருந்தார்கள். தறிக்கூலியையும் தீப்பெட்டிக் கூலியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அத்தா கடைக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றார். சௌதா ஜன்னல் வழியாகச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியில் வந்து நின்றாள்.

“மொத்தம் ஒரே ஒரு டிவிதான் வந்துச்சு” என்றாள். “அத நான் எனக்கு வேண்டியவியளுக்குக் குடுத்துட்டேன். மேல்கொண்டு எதுவும் வராது. இனி யாரும் அலையாதீய.”

இத்தனை நாளும் உண்மையை நம்பாத முகங்களில் இப்போது ஒரு தெளிவு வந்தது. எல்லோருக்கும் இது உடனே புரிந்தது. இதில் புரியாததற்கு எதுவும் இல்லை. அப்படிச் சொல்லு என்றார் ஒரு பெரியவர். அப்பவே தெரியும் என்றார் இன்னொருவர். பிறகு ஏசத் தொடங்கினார்கள். நாலு வீடு தள்ளி இருப்பவளுக்குக் கொடுத்திருக்கிறாள், எவ்வளவு வாங்கினாளோ, மெத்தைக்கடைக்காரன் மகள் புத்தி எங்கே போகும் என்று ஏசினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். யாரோ சௌதாவின் காலடியில் துப்பினார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற அவள் அம்மா ரஹ்மத் பீவிக்கு எல்லாம் தெரியும். வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாளே தவிர வெளியே வரவில்லை. சீனியம்மாள் வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

ஏசி முடித்ததும் கலைந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் கடைசிவரை நின்றாள். சௌதாவுக்கு முகம் ஞாபகம் இல்லை, எந்த ஊரோ, என்ன கேட்டாளோ, எந்த இனத்தில் போட்டோமோ. ஏச்சுக்கு அவள் தயாராக நின்றாள். அந்தப் பெண் ஏசவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இத மொதல்லயே சொல்லிருந்தா இம்புட்டு அலைஞ்சிருக்க மாட்டோமே” என்றாள், யாரையும் குறை சொல்லாத குரலில்.

அன்று அத்தனை பேர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.